பேசிய வாடகையைக் குடியிருப்பவர் மறுத்தால் என்ன செய்வது? ஷேரிங் வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

நான்கைந்து பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஒருவர் "நாம பேசின வாடகை இது இல்லையே" என்று சொல்லிவிட்டால், அன்று ராத்திரிக்குள் அது எல்லார் காதுக்கும் போய்விடும். மறுநாள் காலையில் இன்னொருவர் தன் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். தனி வீட்டு வாடகைத் தகராறுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அதனால் என்ன செய்கிறோம் என்பதைப் போலவே எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம்.

இது இரண்டு விதமானவர்களுக்காக எழுதியது. ஒருவர், கடலூரில் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம் பக்கம் சொந்த வீட்டின் அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடுபவர். மற்றவர், முழு வீட்டையும் தன் பெயரில் எடுத்து, கூட வேலை பார்ப்பவர்களோடு பகிர்ந்துகொள்பவர். சாப்பாட்டோடு நடத்தும் விடுதி வேறு விஷயம். பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாக உரிமமே வாங்க வேண்டும். அதை இங்கே தொடவில்லை.

இன்னொன்று. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றாலும் வாடகைச் சட்டம் வேறு. கடலூரில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். புதுச்சேரிக்கு 1969-ஆம் ஆண்டின் தனி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ வீடு இருந்தால், கீழே முதல் ஐந்து படிகள் பெரும்பாலும் பொருந்தும். கரண்ட் பில் கணக்கு, சட்டம், பதிவு, முறையீடு பற்றிச் சொல்வது மட்டும் கடலூருக்கானது.

1. பேசப் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தம். அட்வான்ஸ் வாங்கியதற்கான ரசீது அல்லது வங்கிக் கணக்கில் அது வந்த வரி. அவர் குடிவந்த நாளிலிருந்து மாதாமாதம் கொடுத்த பணத்தின் பட்டியல். அதே மாதங்களின் கரண்ட் பில். முதல் முதலில் அறை பார்க்க வந்தபோது நடந்த வாட்ஸ்அப் பேச்சு.

இதில் பலரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். ஒப்பந்தம் எழுதாத வீடுகளில் "ரூம் 3,500, அட்வான்ஸ் 10,000, வந்து பாருங்க" என்ற அந்த முதல் மெசேஜ்தான் பல நேரம் மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து. புரோக்கர் மூலம் வந்தவர் என்றால் அந்தப் பேச்சு புரோக்கர் போனில் இருக்கும். உடனே கேட்டு வாங்கி வையுங்கள். நாளாக ஆக அழிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூல மெசேஜை அழிப்பது பெரிய தவறு. வழக்கு என்று போனால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டும் (2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், பிரிவு 63). மூலம் இல்லாமல் அதைத் தருவது கஷ்டம்.

அடுத்து பணம் வந்த வரிசை. ஆறு மாதமாக ஒரே தொகை ஜிபேயில் வந்திருந்தால், எழுத்து இல்லாவிட்டாலும் அதுவே வலுவான ஆதாரம். ஆனால் அது உங்களுக்கு எதிராகவும் பேசும். அதனால் முதலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டை உங்கள் பெயரில் எடுத்துப் பகிர்பவர் என்றால் ஓனரோடு போட்ட ஒப்பந்தத்தையும் எடுங்கள். உள்வாடகைக்கு விட ஓனரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் தகராறை வெளியே கொண்டுபோனால் முதலில் மாட்டுவது நீங்கள்தான். அந்தச் சம்மதத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் அடுத்த படிக்குப் போங்கள்.

2. எதை மறுக்கிறார் என்று பிரித்துப் பாருங்கள்

புதிதாக அறை விடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "வாடகை ஒத்துக்க மாட்டேங்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை வாடகைத் தொகையைப் பற்றியவையே அல்ல. அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்பதில்தான் சிக்கல். அதை முதலில் கண்டுபிடிக்காமல் பேசினால், இரண்டு பேரும் வெவ்வேறு விஷயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் பங்கு. இதுதான் அதிகம். நம் ஊரில் வாடகை மாதம் ஒரு முறை, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஜூனில் ஒரு தம்பி குடிவருகிறார் என்று வையுங்கள். ஜூன் 3,500, ஜூலை 3,500. ஆகஸ்ட்டில் பில் 1,860 வருகிறது. நான்கு பேருக்குப் பிரித்து 465 சேர்த்து 3,965 கேட்கிறீர்கள், கொடுத்துவிடுகிறார். செப்டம்பரில் மறுபடி 3,500. அக்டோபரில் 490 சேர்த்து 3,990 கேட்டதும், "பேசினது 3,500தானே? ஏன் ஒரு மாசம் ஒரு மாதிரி கேக்கறீங்க?" என்கிறார். உங்களுக்கு அவர் ஏமாற்றுவதாகத் தோன்றும். அவருக்கு நீங்கள் நைசாக வாடகையை ஏற்றுவதாகத் தோன்றும். இரண்டுமே இல்லை. குடிவந்த அன்று "கரண்ட் தனி" என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, அல்லது நீங்களே சொல்லவில்லை.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் இதில் குழப்பம் சேர்க்கும். அந்த 100 யூனிட் இணைப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல. தனி மீட்டர் இருந்த வீட்டிலிருந்து வருபவருக்கு பில் திடீரென்று பெரிதாகத் தெரியும். எல்லார் பயன்பாடும் ஒரே மீட்டரில் சேர்ந்து ஓடுவதால் யூனிட் விலையும் மேல் படிக்குப் போய்விடும். இதை விளக்கிச் சொல்லாமல் "பில் இவ்வளவு, கொடு" என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

காலியான இடத்தின் பங்கு. 12,000 ரூபாய் வீட்டை நான்கு பேர் ஆளுக்கு 3,000 கொடுத்துப் பகிர்கிறார்கள். ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டை வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். மிச்சம் மூன்று பேரும் 4,000 கொடுக்க வேண்டுமா? அறை அறையாக விடும் ஓனர் என்றால், காலி அறையின் நஷ்டம் ஓனருடையது; மற்றவர்கள் தலையில் கட்டக் கூடாது. சேர்ந்து எடுத்த வீடு என்றால் முன்கூட்டியே பேசி வைத்ததுதான் கணக்கு. எதுவும் பேசவில்லை என்றால், போனவர் ஒரு மாதம் முன்பே சொல்லாத பட்சத்தில் அவர் கொடுத்து வைத்த தொகையிலிருந்து ஒரு மாதப் பங்கை எடுப்பது, அதற்குள் புது ஆள் பார்ப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வதுதான் நியாயமாக எனக்குப் படுகிறது.

வசதி குறைந்தது. பாத்ரூம் கதவு உடைந்து ஒரு மாதமாகிறது, மோட்டார் ரிப்பேர், மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார்கள் என்று காரணம் சொல்லிக் குறைத்துக் கொடுப்பவர்கள். மழைக்காலமும் இதில் சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரையை மீறிய நாட்களில், கடலூரில் எத்தனையோ பேர் வீட்டை விட்டு வேறிடம் போக வேண்டியிருந்தது. அப்படிப் போன நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா என்பதை எந்த வீட்டிலும் யாரும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. இந்த வகையில் குடியிருப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். இருந்தால், நாள் கணக்கு போட்டுக் கழித்துவிடுங்கள். அதை எழுத்தில் "இந்த மாதத்துக்கு மட்டும்" என்று குறியுங்கள்.

உயர்வு. 11 மாதம் முடிந்ததும் 500 ரூபாய் ஏற்றினீர்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தில் எவ்வளவு, எப்போது என்று எழுதியிருந்தால் அதன்படி நடக்கலாம். எழுதவில்லை என்றால் நீங்கள் கேட்பது ஒரு கோரிக்கைதான். அதை "பேசிய வாடகை" என்று சொல்லாதீர்கள்.

தொகையையே மறுப்பது கடைசி வகை. "3,500 இல்லை, 3,000தான் சொன்னீங்க." முதல் படியில் எடுத்து வைத்தவை இங்கேதான் உதவும்.

3. கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு முழுத் தாள், ஐந்து பத்திகள்: மாதம், அறை வாடகை, கரண்ட் பங்கு, மற்றவை, வந்த தொகை. மேலே சொன்ன தம்பியின் கணக்கு இப்படி இருக்கும்:

ஜூன்: 3,500, இல்லை, இல்லை, வந்தது 3,500.
ஜூலை: 3,500, இல்லை, இல்லை, வந்தது 3,500.
ஆகஸ்ட்: 3,500, 465, இல்லை, வந்தது 3,965.
செப்டம்பர்: 3,500, இல்லை, இல்லை, வந்தது 3,500.
அக்டோபர்: 3,500, 490, இல்லை, வர வேண்டியது 3,990.

கரண்ட் பங்குக்குப் பக்கத்தில் பில் தொகையையும் எத்தனை பேருக்குப் பிரித்தது என்பதையும் சின்னதாக எழுதுங்கள். பில்லின் நகலைப் பின்னால் குத்தி வையுங்கள்.

வாயால் சொல்லும் கணக்கைவிட இது ஏன் நல்லது? அவர் எந்தக் கட்டத்தை மறுக்கிறார் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். ஆகஸ்ட் 465 அவர் கையாலேயே கொடுத்தது என்பதும் அதில் தெரியும். அதை நீங்கள் குத்திக்காட்டவே வேண்டாம். எத்தனையோ பேர் இந்தத் தாளைப் பார்த்ததுமே "ஓ, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையா" என்று இறங்கி வந்துவிடுவார்கள்.

மற்றவை என்ற பத்தியில் கேன் தண்ணீர், பெருக்கித் துடைப்பவருக்குக் கொடுப்பது, இன்டர்நெட் எல்லாம் வரும். இவற்றை அறை வாடகையோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

4. தனியாக உட்கார்ந்து பேசுங்கள்

மற்ற குடியிருப்பவர்கள் முன்னால் பேசாதீர்கள். எல்லார் முன்னாலும் ஒருவர் சொல்லிவிட்ட வார்த்தையிலிருந்து அவரால் இறங்கி வர முடியாது. அதே நேரம் அடுத்தவர் வாடகை எவ்வளவு என்பதும் வெளியே வந்துவிடும். ஜன்னல் வைத்த அறைக்கும் உள் அறைக்கும் வாடகை வேறு என்றால் புதுத் தகராறு தொடங்கும்.

நேரம் பாருங்கள். சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் ஏழாம் தேதி, பத்தாம் தேதி ஆகும். ஐந்தாம் தேதி பேசினால், பணம் இல்லை என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு "இவ்வளவு பேசலையே" என்று சொல்பவர்களும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: "தம்பி, தொகையில பிரச்சனையா, இந்த மாசம் கையில இல்லையா? எதுவானாலும் சொல்லுங்க, பார்த்துக்கலாம்." இரண்டாவதுதான் காரணம் என்றால், நாள் தள்ளிக் கொடுத்தால் தகராறே முடிந்துவிடும்.

முதலில் அவரைப் பேசவிடுங்கள். அவர் சொல்வதைத் தாளில் அந்தந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் குறியுங்கள். பிறகு உங்கள் பக்கம். குரல் உயர்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் குறியுங்கள். கல்லூரிப் பிள்ளை என்றால், முதலில் அவரிடமே பேசிவிட்டு, அவருக்குத் தெரிந்தே அப்பா அம்மாவிடம் பேசுங்கள். நேரே ஊருக்குப் போன் போட்டால், அந்தப் பிள்ளை அதற்கு அப்புறம் உங்களிடம் எதையும் சொல்லாது.

5. தகராறு இல்லாத தொகையை வாங்கி, ரசீது கொடுங்கள்

"முழுசா கொடு, இல்லன்னா வேணாம்" என்று பணத்தைத் திருப்பி அனுப்புபவர்கள் பலர். குறைவாக வாங்கினால் குறைவையே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம். பயம் சரிதான், வழிதான் தவறு. வாங்க மறுத்தால், வாடகை கொடுக்க வந்தும் ஓனர் வாங்கவில்லை என்று அவர் சொல்லலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்படும் வாடகை அதிகாரியிடமே பணத்தைக் கட்டவும் இடம் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு, எதற்காக வாங்கினீர்கள் என்பதை எழுதுவதுதான் பாதுகாப்பு.

ரசீதில் இப்படி எழுதலாம்: "மாடி, 2-ஆம் அறை. அக்டோபர் மாத அறை வாடகை ரூ.3,500 பெற்றுக்கொண்டேன். கரண்ட் பங்கு ரூ.490 குறித்துப் பேச்சு முடியவில்லை. அந்தத் தொகை இந்த ரசீதில் சேராது. அதைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை." தேதி, கையெழுத்து. அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

ஜிபேயில் வந்தாலும் ரசீது கொடுங்கள். வாடகைக்கு ரசீது தருவது உங்கள் கடமை. அது மட்டுமல்ல, ஜிபே பதிவில் தொகைதான் இருக்கும், எதற்கான பணம் என்பது பெரும்பாலும் இருக்காது.

பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அட்வான்ஸ் கரைந்துபோனால், கடைசி மாதம் பெயிண்ட் செலவுக்கும் உடைசலுக்கும் கையில் ஒன்றும் இருக்காது. அதை அவரும் நீங்களும் எழுதி ஒத்துக்கொண்டால் மட்டும் செய்யுங்கள்.

6. ஒத்துப்போனால் அன்றே எழுத்து

தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கரண்ட் எப்படிப் பிரிப்பது, ஏசி வைத்த அறைக்குத் தனி சப்மீட்டர் உண்டா, ஒருவர் காலி செய்தால் அவர் பங்கு என்ன ஆகும், உயர்வு எப்போது எவ்வளவு. இந்த ஆறும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இரண்டு பிரதி எடுத்து இரண்டிலும் இருவர் கையெழுத்து. பழைய பாக்கியை விட்டுக்கொடுத்தால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த தகராறில் அது மறுபடி கிளம்பும்.

"11 மாதம்தானே, பதிவு வேண்டாம்" என்பது நம் ஊரில் எல்லாரும் சொல்வது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு: 11 மாதம் என்றாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் அது பதிவு ஆகாது.

அட்வான்ஸையும் இங்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

7. பேச்சு முறிந்தால் செய்யவே கூடாதவை

கரண்டை நிறுத்துவது, மோட்டார் ஸ்விட்சைப் பூட்டுவது, பாத்ரூம் சாவியை எடுத்து வைத்துக்கொள்வது, சாமானை வெளியே வைப்பது, பூட்டை மாற்றுவது. எவ்வளவு பாக்கி இருந்தாலும் இவற்றைச் செய்யாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அதுவரை நீங்கள் புகார் சொல்லும் இடத்தில் இருந்தீர்கள். அந்த ஸ்விட்சைத் தொட்ட நிமிடத்திலிருந்து பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். பகிர்ந்த வீட்டில் தண்ணீரை நிறுத்தினால் ஒழுங்காக வாடகை கொடுக்கும் மற்ற மூன்று பேருக்கும் சேர்த்தே நிற்கும். அவர்கள் உங்கள் பக்கம் இருக்க மாட்டார்கள்.

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பாக்கிக்காரர் பெயரைப் போடுவதும் இந்த வகைதான். அவர் இல்லாதபோது அறையைத் திறக்கவும் கூடாது. போக வேண்டிய அவசியம் இருந்தால் முன்கூட்டி எழுத்தில் சொல்லிவிட்டுப் பகலில் போங்கள்.

8. நோட்டீஸ்

தேதி, அறை, ஒத்துக்கொண்ட வாடகை, எந்தெந்த மாதத்தில் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். மூன்றாம் படியில் எழுதிய தாளை இணைத்துவிடுங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். இதைப் பின்னால் ஓர் அதிகாரி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். ஒரே வீட்டில்தானே இருக்கிறார் என்று கையில் கொடுத்தால், வாங்கவே இல்லை என்று சொல்ல இடம் உண்டு.

இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தை வைத்து வெளியேற்ற முடியாது. ஆகவே நோட்டீஸ் அனுப்பிய நாளையும் அவருக்குக் கிடைத்த நாளையும் குறித்து வையுங்கள்.

9. அடுத்து எங்கே போவது

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். வாடகை எவ்வளவு என்பது சிவில் விவகாரம். மிரட்டல், அடிதடி, பொருள் சேதம் இருந்தால் மட்டும் போலீஸ்.

முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். கடலூரில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச வைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கோர்ட் கட்டணம் இல்லை, அந்தத் தீர்வின் மேல் அப்பீலும் இல்லை. 490 ரூபாயில் தொடங்கி நான்கைந்தாயிரமாக வளர்ந்த தகராறுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அங்கேயும் முடியவில்லை என்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயம். வாடகை அதிகாரி, மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். வீட்டைத் திரும்பக் கேட்பது வாடகை நீதிமன்றத்தில். இந்தக் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பதியாதது என்றால் எந்தப் பிரிவில் மனு போடுவது என்பதே ஒரு கேள்வியாகிவிடும். பாக்கி வாடகையைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு.

10. காலி செய்கிறேன் என்று அவரே சொன்னால்

பல தகராறுகள் இப்படித்தான் முடியும். அப்போது அவசரப்பட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். அன்று இருவரும் சேர்ந்து மெயின் மீட்டர், சப்மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுங்கள், ஏனென்றால் அவர் இருந்த நாட்களுக்கான பில் அவர் போன பிறகுதான் வரும். அறையைச் சுற்றிப் பார்த்து உடைசலைக் குறியுங்கள். அட்வான்ஸில் எதைக் கழித்தீர்கள் என்று தொகை தொகையாக எழுதி, மிச்சத்தைக் கையோடு கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். "இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்ட பிறகு அந்த அறைக்குப் புது ஆளைப் பாருங்கள்.